மோட்டார் ஓடாத கிணறு

கிரெனோபிள், பிரான்சு
14.2.1982

அன்புள்ள தங்கை தங்கப்பொண்ணுக்கு,

அண்ணன் வெள்ளைத்துரை எழுதுவது. எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, குளிர்தான் ஆளைப் பிடுங்குகிறது. நீயும் மாப்பிள்ளை சின்னச்சாமியும் சுகந்தானே? திருநகரில் இருக்கும் பெரியண்ணனுக்கும் இன்றுதான் எழுதிப் போட்டேன்.

"அங்க என்னதாண்ணே படிக்கிற?" என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. மண்ணுக்கு அடியில் தண்ணீர் எப்படி நகர்கிறது என்பதற்குச் சமன்பாடு இருக்கிறது. ஒரு கிணற்றில் இறைத்தால் பக்கத்துக் கிணற்றில் எப்போது, எவ்வளவு இறங்கும் என்று அது சொல்லும். ஆனால் நம் வெள்ளாமைக் காடு மாதிரி கோணல்மாணலான நிலத்துக்கு அதிலிருந்து நேராக விடை எடுக்க முடியாது. அதனால் நிலத்தைச் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் சுலபமான கணக்காகப் போட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்துக் கம்ப்யூட்டரிடம் கொடுக்கிறோம். இது பாதி வேலை. மீதிப் பாதிதான் என் ஆராய்ச்சி. எந்தக் கிணற்றில் எவ்வளவு நேரம் இறைத்தால் வெள்ளாமையும் கருகாது, கோடைக் கடைசியில் கிணறும் வற்றாது? அந்த உகந்த அளவைக் கண்டுபிடிப்பது.

இதுவரை காகிதத்தில் வரைந்த நிலத்துக்குத்தான் போட்டிருக்கிறேன். கடைசி அத்தியாயத்துக்கு ஒரு நிஜ ஊர் வேண்டும் என்கிறார் பேராசிரியர். எனக்கு ஓடைக்கரைப்பட்டியை விட்டால் வேறு எந்த ஊர் தெரியும்? அய்யா விட்டுப்போன காட்டை நீங்கள் இரண்டு பேரும்தானே பார்க்கிறீர்கள். நம் கிணற்றையும் ஓடையை ஒட்டிய மற்றக் கிணறுகளையும் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அளந்து அனுப்பு. கயிற்றில் கல்லைக் கட்டி விட்டு, மேட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் எத்தனை முழம் என்று எழுதினால் போதும். யார் யார் மோட்டாரை எவ்வளவு நேரம் ஓட்டுகிறார்கள் என்றும் எழுது. கிணறுகளை நினைவில் வைத்துப் படம் வரைந்திருக்கிறேன். தப்பு இருந்தால் திருத்து.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம்.

அன்பு அண்ணன்,
வெள்ளைத்துரை


ஓடைக்கரைப்பட்டி
12.3.1982

என் அன்பு அண்ணனுக்கு,

தங்கப்பொண்ணு எழுதிக்கொண்டது. நானும் உன் மாப்பிள்ளையும் ஆடுகளும் நல்ல சுகம். நீ கம்பளிச் சட்டையைக் கழற்றாமல் இரு.

உன் படத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நம் காட்டைக் கறிக்கடையில் போட்ட மாதிரி துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறாய். உன் மாப்பிள்ளை அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கா உங்கண்ணன் ஏரோப்ளான் ஏறிப் போனாரு? சர்வேயர் வேலைக்கு உசிலம்பட்டியிலயே ஆள் எடுக்குறாய்ங்களே" என்கிறார். ஒரு தப்பு இருக்கிறது. கருப்பு மாமா கிணறு ஓடைக்கு அந்தப் பக்கம். நீ இந்தப் பக்கம் போட்டிருக்கிறாய். ஊரை மறந்துவிட்டாய்.

எல்லாக் கிணற்றையும் அளந்து தனித் தாளில் எழுதியிருக்கிறேன். விருமாண்டிச் சித்தப்பா கிணற்றுக்குப் போனபோதுதான் வம்பு. "என்னத்தா, எங் கெணத்துல கல்லப் போடுற? ஒம் புருசன் சொல்லி விட்டானா?" என்று அடிக்க வருகிற மாதிரி வந்தார். "எங்கண்ணன் படிப்புக்கு வேணும் சித்தப்பா" என்றேன். "வெள்ளையா கேட்டான்? அப்பச் சரி, அளந்துக்க" என்று போய்விட்டார்.

உனக்குத் தெரியாது, அவரும் உன் மாப்பிள்ளையும் ஒரு வருசமாகப் பேசுவதில்லை. அவர் வெடி வைத்துக் கிணற்றை ஆழப்படுத்தினார், நம் கிணறு இறங்கிவிட்டது. இவர் பதிலுக்கு வெடி வைத்தார், அவர் கிணறு இறங்கிவிட்டது. அடுத்து அவர் ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்படியே பாறையை உடைத்துக்கொண்டு போய் இரண்டு பேரும் எங்கே நிற்பார்களோ. போன மாசம் கோவில் கூட்டத்தில் கைகலப்பே வரப் பார்த்தது. எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணே.

அதனால் நீ பட்டம் வாங்குவது உன் பாடு. எனக்கு வேண்டியது வேறு. யார் எம்புட்டு நேரம் மோட்டார் ஓட்டலாம் என்று உன் கணக்கு சொன்னால், அதைக் கையில் வைத்துக்கொண்டு இந்த இரண்டு பேரையும் நான் உட்கார வைத்துவிடுவேன். உன் பேச்சை இரண்டு பேரும் கேட்பார்கள்.

பதிலைச் சீக்கிரம் போடு.

உன் தங்கை,
தங்கப்பொண்ணு


கிரெனோபிள்
6.4.1982

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நலம். உங்கள் எல்லாருடைய நலத்துக்கும் அந்தக் கருப்பசாமி துணை இருக்கட்டும். கருப்பு மாமா கிணற்றை ஓடையைத் தாண்டி எடுத்து வைத்துவிட்டேன். அந்த ஒரு கிணற்றுக்காக முக்கோணங்கள் அத்தனையையும் மறுபடி வரைந்தேன், தெரிந்துகொள்.

உன் அளவுகளை இங்கே எல்லாரும் பார்த்தார்கள். "முழம்" என்றால் என்ன என்று பேராசிரியர் கேட்டார். என் கையை நீட்டிக் காட்டினேன். "உன் கையா, உன் தங்கை கையா?" என்றாரே பார்க்கலாம்! நியாயமான கேள்வி. உன் முழத்தை ஒரு நூலில் அளந்து அந்த நூலை அடுத்த கடிதத்தில் வைத்து அனுப்பு.

கணக்கு எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். அட்டைகளில் துளை போட்டு, கட்டாகக் கட்டி, கம்ப்யூட்டர் அறையில் கொடுத்துவிட்டு வருவேன். மறுநாள் போனால் விடை இருக்கும், அல்லது "தப்பு" என்று ஒரே வரி இருக்கும். முதலில் இன்றையிலிருந்து கோடைக் கடைசி வரை கணக்கை முன்னால் ஓட்டுகிறேன். பிறகு கோடைக் கடைசியிலிருந்து இன்றைக்குப் பின்னோக்கி ஓட்டுகிறேன். அப்படிப் பின்னால் வந்தால்தான், எந்த நாளில், எந்தக் கிணற்றில் இறைத்தது கடைசியில் கெடுத்தது என்று தெரியும். மறுபடி முன்னால், மறுபடி பின்னால். நெசவுத் தறி மாதிரிதான்.

ஒரு சங்கடம். தண்ணீர் மட்டம் செங்குத்தாகச் சரிகிற இடத்தில் முக்கோணங்கள் ரொம்பச் சின்னதாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட இடம் நம் கிணற்றடிதான். நம் கிணற்றின் அளவு கொஞ்சம் பிசகினாலும் மொத்தக் கணக்கும் ஆடிப்போகிறது. நீ அனுப்பியதில் மற்றதெல்லாம் சரி, நம் கிணற்றின் அளவு மட்டும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. என்ன என்று பார்.

மாப்பிள்ளையிடம் சொல், வெடி வைப்பதை நிறுத்தி வைக்கட்டும். கணக்கு வரட்டும்.

உன் அண்ணன்,
வெள்ளை


ஓடைக்கரைப்பட்டி
10.5.1982

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மற்றபடி எல்லாரும் சௌக்கியம். உனக்கு இருமல் விட்டதா? பெரியண்ணன் எழுதியிருந்தார். நூல் வைத்திருக்கிறேன், என் முழம் இதுதான். உன் பேராசிரியரிடம் காட்டு.

நம் கிணற்று அளவு ஏன் ஒட்டவில்லை என்று கண்டுபிடித்துவிட்டேன். வெடி வைத்த பிறகு கீழே பாறை ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் அதற்கு அந்தப் பக்கம் மூலைக் குழியில் ஒதுங்கிவிட்டது. மேலிருந்து விட்டால் கல் பாறையில் உட்கார்ந்துகொள்கிறது, தண்ணீரைத் தொடுவதில்லை. அதனால் இப்போது நானே படி வழியாக இறங்கி, கடைசிப் படியில் நின்று கயிற்றை விட்டு அளக்கிறேன். உன் மாப்பிள்ளை திட்டுகிறார். "நான் வாரேன், அதுவரைக்கும் எறங்காதங்குறேன், கேக்க மாட்டேங்குற" என்கிறார். அவர் தோட்டத்திலிருந்து எப்போது வருவார், நான் எப்போது அளப்பேன்? நான் நீச்சல் பழகின கிணறு. அதில் இறங்க எனக்கு ஆள் துணை வேண்டுமா?

நல்ல செய்தி ஒன்று. விருமாண்டிச் சித்தப்பா நேற்று என்னை நிறுத்தி, "வெள்ளை கணக்கு வந்துருச்சா தாயி?" என்று கேட்டார். "வரட்டும். அவன் சொன்னா எங் கெணத்துக்கு ஒண்ணு, ஒங்க கெணத்துக்கு ஒண்ணுனு மாத்திச் சொல்ல மாட்டான்" என்றார். வெடிக்காரனுக்குச் சொல்லி அனுப்பியதை நிறுத்தி வைத்திருக்கிறார். இதை உன் மாப்பிள்ளையிடம் சொன்னேன். சாயங்காலம் நம் மோட்டாரைச் சீக்கிரமே நிறுத்திவிட்டார்.

சீக்கிரம் கணக்கை முடி அண்ணே. இவர்கள் மனசு மாறுவதற்குள் முடி.

அன்புத் தங்கை,
தங்கப்பொண்ணு


கிரெனோபிள்
31.5.1982

என் செல்லத் தங்கச்சிக்கு,

அண்ணனுக்கு இருமல் போய்விட்டது. உன் கடிதம் வந்த அன்றைக்கே போய்விட்டது என்று சொல்லலாம். நீங்கள் எல்லாரும் இதே மாதிரி சந்தோசமாக இருக்க வேண்டும்.

நீ கீழே இறங்கி எடுத்த அளவைப் போட்டதும் கணக்கு அப்படியே படிந்துவிட்டது! இரண்டு மாதமாக ஆட்டம் காட்டிய இடம். நான் கம்ப்யூட்டர் அறையிலேயே கத்திவிட்டேன். பேராசிரியர் என் தோளைத் தட்டி, "உன் தங்கையை இங்கே வரவழைத்து, உன்னைக் கிணற்றுக்கு அனுப்பியிருக்க வேண்டும்" என்றார். உன் நூல் அவர் மேசையில் இருக்கிறது.

நீ இறங்கி அளப்பதுதான் சரியான யோசனை. இனி எல்லாத் தடவையும் அப்படியே செய். ஆனி, ஆடி இரண்டு மாதத்து அளவுதான் முக்கியம், ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது. மற்றக் கிணறுகள் விட்டாலும் பரவாயில்லை, நம் கிணறு விடக் கூடாது.

மாப்பிள்ளை மோட்டாரை நிறுத்திய செய்தியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு டிசம்பரில் தேர்வு. அதற்கு முன்பே உன் கணக்கு உன் கைக்கு வந்துவிடும்.

அன்புடன்,
உன் அண்ணன் வெள்ளை


திருநகர், மதுரை
10.7.1982

அன்பு மாப்பிள்ளை சின்னச்சாமிக்கு,

பெரிய மச்சான் முத்திருளன் எழுதுவது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து நேற்று முன்தினம் வீடு வந்து சேர்ந்தோம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும். உங்கள் அக்கா சுந்தரம்மாள் கூட இருப்பதால்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம்.

வெள்ளைத்துரைக்கு இன்னும் சொல்லவில்லை. அங்கே வைத்தே உங்களிடம் பேச நினைத்தேன், உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. அவனுக்கு டிசம்பரில் தேர்வு. இப்போது சொன்னால் போட்டது போட்டபடி கிளம்பி வந்துவிடுவான். வந்து என்ன செய்வான்? அடக்கம் முடிந்துவிட்டது. நாலு வருசப் படிப்பும் போய்விடும். தேர்வு முடியட்டும், நானே சொல்கிறேன், அல்லது நீங்கள் சொல்லுங்கள். அதுவரை அவன் கடிதம் போட்டால் நீங்களே பதில் எழுதுங்கள். கிணற்று அளவையும் அனுப்பிக்கொண்டே இருங்கள். அளவு நின்றால் அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இன்னொன்று. தங்கப்பொண்ணு அமாவாசை அளவு எடுக்க இறங்கித்தான் பாசியில் வழுக்கி விழுந்தாள் என்பதும், தூக்கும்போது அந்தக் கயிறு அவள் கையில் சுற்றியிருந்தது என்பதும் நமக்குள் இருக்கட்டும். அவன் கடைசியாகப் போட்ட கடிதத்தை அவள் ஊரெல்லாம் காட்டியிருக்கிறாள். அதில் அவன் என்ன எழுதியிருந்தான் என்று எனக்கும் தெரியும். சாவைச் சொல்லும்போதும் இதைச் சொல்லக் கூடாது மாப்பிள்ளை. அவன் தாங்க மாட்டான். ஆட்டுக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள் என்று சொல்லிவிடுவோம்.

உயிர் போன கிணற்றில் வருசம் திரும்பும்வரை இறைக்க மாட்டோம் என்பது நம் வழக்கம்தான். மோட்டாரைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். சரிதான். கருகுகிற வெள்ளாமை கருகட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முத்திருளன்


ஓடைக்கரைப்பட்டி
2.8.1982

அன்புள்ள மச்சானுக்கு,

சின்னச்சாமி எழுதுவது. நான் நலம். நீங்கள் நலமா?

தங்கப்பொண்ணுக்குக் கையில் அடி. அதனால் நான் எழுதுகிறேன். அளவு எல்லாம் எடுத்துத் தாளில் இருக்கிறது. ஆனி அமாவாசை அளவு மட்டும் இல்லை. விட்டுப்போயிற்று. நான் என் முழத்தில் அளக்கவில்லை, பழைய கயிற்றில் அவள் போட்ட முடிச்சு இருக்கிறது, அதை வைத்தே எடுத்தேன்.

நம் கிணற்றில் இப்போது மேலிருந்தே கல் தண்ணீரைத் தொடுகிறது. இறங்க வேண்டியதில்லை.

மழை இல்லை. நீங்கள் நல்லபடியாகப் படியுங்கள்.

தங்கள்,
சின்னச்சாமி


கிரெனோபிள்
24.8.1982

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வெள்ளைத்துரையின் வணக்கம். நான் நலம். கையில் அடி என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்களே, எந்தக் கை? எப்படி? எலும்பு முறிவு என்றால் உசிலம்பட்டியில் நிற்காதீர்கள், மதுரைக்குக் கூட்டிப் போங்கள். பெரியண்ணனுக்கும் எழுதிக் கேட்டிருக்கிறேன். அவளை இடது கையாலாவது ஒரு வரி கிறுக்கச் சொல்லுங்கள். என்னோடு சண்டை போடாமல் அவளால் மூன்று மாதம் எப்படி இருக்க முடிகிறது?

அளவுகள் கிடைத்தன. ஒரு விசயம் புரியவில்லை. எல்லாக் கிணறும் இறங்குகிறது. நம் கிணறு மட்டும் ஏறுகிறது. முடிச்சை எண்ணுவதில் பிசகியிருக்குமோ என்று முதலில் நினைத்தேன், மன்னிக்க வேண்டும். பிறகு கணக்கைத் திருப்பிப் போட்டேன். இந்த மட்டம் வர வேண்டுமானால் நம் கிணற்றில் எவ்வளவு இறைத்திருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரைக் கேட்டேன். ஆனி முதல் வாரத்திலிருந்து சைபர் என்கிறது. மோட்டார் எரிந்துவிட்டதா? ஏன் எழுதவில்லை? பயிர் என்ன ஆயிற்று?

உடனே பதில் போடுங்கள்.

அன்புடன்,
வெள்ளைத்துரை


ஓடைக்கரைப்பட்டி
10.10.1982

அன்புள்ள மச்சானுக்கு,

சின்னச்சாமி வணக்கம். பதில் போடத் தாமதமாகிவிட்டது. நான் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கணக்கு சரி. நம் மோட்டாரை நான்தான் நிறுத்திவிட்டேன். எரியவில்லை. பயிர் கருகிவிட்டது, அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

விருமாண்டிச் சித்தப்பா இப்போது என்னோடு பேசுகிறார். தினமும் வருகிறார். வெடி வைக்கிற பேச்சே இல்லை.

தங்கப்பொண்ணு எழுதுகிற நிலையில் இல்லை. நீங்கள் அதை நினைத்துப் படிப்பை விட வேண்டாம். அவள் உங்களைப் பற்றித்தான் பேசுவாள்.

அளவு தனித் தாளில்.

தங்கள்,
சின்னச்சாமி


கிரெனோபிள்
21.11.1982

அன்புள்ள மாப்பிள்ளைக்கும் பாராமுகமாக இருக்கும் என் தங்கச்சிக்கும்,

நான் நலம் என்பதோடு நிற்காது, தலைகால் புரியாத சந்தோசத்தில் இருக்கிறேன். நீங்கள் அங்கே குறையில்லாமல் இருக்க வேண்டும்.

கணக்கு முடிந்துவிட்டது. தங்கச்சி, நீ கேட்டது கிடைத்துவிட்டது. கவனமாகப் படி. ஓடையை ஒட்டிய அத்தனை கிணறுகளுக்கும் நம் கிணற்றடிப் பாறை வெடிப்பு வழியாகத்தான் தண்ணீர் போகிறது. மற்ற எல்லாரும் அளவாக இறைத்து, நம் கிணற்றில் மட்டும் இறைக்கவே இல்லை என்றால், ஒரு கிணறும் கோடைக்கு வற்றாது. இதுதான் உகந்த விடை. வேறு எப்படி மாற்றிப் போட்டாலும் இதைவிட மோசமாகத்தான் வருகிறது.

இங்கே எல்லாரும் வாயைப் பிளந்தது எதற்குத் தெரியுமா? இந்த விடை வருவதற்கு ஐந்து மாதம் முன்பே நீங்கள் அதைச் செய்துவிட்டீர்கள்! கணக்கு சொன்ன கோடும், மாப்பிள்ளை அளந்து அனுப்பிய கோடும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுகிறது. "இவர்களுக்கு யார் சொன்னது?" என்று பேராசிரியர் கேட்டார். என் தங்கச்சிதான் சொல்லியிருப்பாள் என்றேன். எனக்குத் தெரியாதா? சொந்தப் பயிரைக் கருகவிட்டு விருமாண்டிச் சித்தப்பாவுக்குத் தண்ணீர் விட மாப்பிள்ளையை இணங்கவைக்க அவள் ஒருத்தியால்தான் முடியும். அதற்குத்தான் கோபித்துக்கொண்டு எனக்கு எழுதாமல் இருந்தாளா, நானே கண்டுபிடிக்கட்டும் என்று?

ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் அவள் பெயரைப் போட்டிருக்கிறேன். தமிழில் போட்டிருக்கிறேன். தேர்வு டிசம்பர் பதினான்கு. எனக்காகக் கருப்பசாமிக்கு ஒரு சூடம் ஏற்றச் சொல்லுங்கள் அவளை.

வெள்ளை


ஓடைக்கரைப்பட்டி
30.12.1982

அன்புள்ள மச்சானுக்கு,

சின்னச்சாமி எழுதுவது. நீங்கள் பட்டம் வாங்கிய தந்தியைப் பெரியண்ணன் கொண்டுவந்து காட்டினார். இனி மறைக்க வேண்டாம் என்றார். அவர் எழுத உட்கார்ந்தார், எழுத முடியவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

தங்கப்பொண்ணு இல்லை மச்சான். ஆனி அமாவாசையன்று காலையில் நம் கிணற்றில் ஆட்டுக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். பாசி வழுக்கித் தலை பாறையில் பட்டுவிட்டது. நான் தோட்டத்திலிருந்து ஓடி வருவதற்குள் போய்விட்டாள். இறங்கித் தூக்கியது விருமாண்டிச் சித்தப்பா. அந்த வயதில் அவர்தான் முதலில் இறங்கினார்.

மோட்டாரை நிறுத்தியது அதனால்தான். நான் யாருக்கும் தண்ணீர் விடவில்லை. அவளும் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் என்ன பாடுபட்டேன் என்று எழுதத் தெரியவில்லை. இந்தக் கோடையிலும் சித்தப்பா கிணறு வற்றவில்லை. "இது ஒம் பொஞ்சாதி விட்ட தண்ணிடா, என்னால குடிக்க முடியல" என்று நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதார்.

அடக்கத்தன்று பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் பெரியண்ணன் கொண்டுவந்தார். இரண்டு சேலை கொண்டுவந்தார். ஒன்று அவர் பேருக்குப் போர்த்தினார். இன்னொன்றை விரித்து, "இது சின்னவன் கோடி" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போர்த்தினார். உங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

வருசம் திரும்பினால் மோட்டார் வைக்கலாம் என்கிறார்கள். எனக்கு அந்தக் கிணற்றைத் தூர்த்துவிடத் தோன்றுகிறது. உங்கள் அய்யா வெட்டிய கிணறு. நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதைச் செய்கிறேன்.

என்னை மன்னித்துவிடுங்கள்.

சின்னச்சாமி


கிரெனோபிள்
20.1.1983

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்து ஒரு வாரம் ஆகிறது. இன்றுதான் எழுத முடிந்தது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்காமல் ஏழு மாதமாக என் கிணற்றையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எப்படி இருக்கிறீர்கள் மாப்ள?

நான் உங்களை மன்னிக்க ஒன்றும் இல்லை. அண்ணனையும் நான் குறை சொல்லவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

உயிர் போன கிணற்றில் மோட்டார் வைக்க மாட்டோம் என்பது எனக்குத் தெரியாதா? நானும் அந்த ஊரில் பிறந்தவன்தானே. நம் கிணற்றில் சைபர் என்று கம்ப்யூட்டர் அடித்துக் கொடுத்தது. நம் ஊரில் ஒரு கிணறு திடீரென்று சைபர் ஆனால் என்ன அர்த்தம் என்று ஒரு சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். நான் அதைச் சுவரில் ஒட்டி வைத்து நாலு பேருக்குக் காட்டினேன்.

அமாவாசையன்று என்று எழுதியிருக்கிறீர்கள். ஆட்டுக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும் மாப்ள. நான் ஒன்றும் கேட்கவில்லை. கடைசி நாளிலிருந்து பின்னோக்கி வந்து, எந்த நாளில் செய்தது கெடுத்தது என்று பார்ப்பதுதான் நான் படித்த படிப்பு. எனக்கு எந்தக் கடிதம் என்று தெரியும்.

கிணற்றைத் தூர்க்க வேண்டாம். நான் மாசிக்குள் வந்துவிடுவேன். வந்து ஒரு தடவை அதைப் பார்க்க வேண்டும். அதன் பிறகு மோட்டார் வைப்பதும் வைக்காததும் உங்கள் இஷ்டம். கணக்கு என்ன சொல்கிறது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அது சரியாகத்தான் சொல்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அண்ணனிடம் கேட்டால் அழுவார், அதனால் உங்களைக் கேட்கிறேன். அவளுக்கு நான் என் கையால் செய்ய வேண்டிய கடைசிக் காரியம் அந்தக் கோடிதான். அந்த வாரம் இங்கே நான் நண்பர்களோடு ஆற்றங்கரையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் பேருக்குப் போர்த்திய சேலை என்ன நிறம்? கரை உண்டா? அவளுக்குப் பிடிக்கிற மாதிரி இருந்ததா? நீங்கள் பக்கத்தில்தானே நின்றிருப்பீர்கள், பார்த்திருப்பீர்கள்.

மறந்திருந்தாலும் ஏதாவது ஒரு நிறம் எழுதுங்கள் மாப்ள.

உங்கள் மச்சான்,
வெள்ளைத்துரை